கண்டெடுத்த நாய்க்கு உரிமை கேட்டு ஆள் வந்தால்

காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா காய் பறித்து முடிந்து, காவலுக்கு வந்திருந்த குடும்பம் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு செவலை நாய் மட்டும் அங்கேயே சுற்றுகிறது. கழுத்தில் அறுந்த நைலான் கயிறு, பின்னங்காலில் புழு வைத்த புண். பக்கத்துத் தோட்டக்காரர் அதை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். கால்நடை மருந்தகத்தில் புண்ணுக்கு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி, தினமும் களியும் மோரும். இரண்டு மாதத்தில் நாய் தேறிவிடுகிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, இது எங்க மணி ஆச்சே, இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறார்.

விளக்குவதற்காக நான் கட்டிய கதைதான் இது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படி நடக்க வாய்ப்புக்குக் குறைவில்லை. தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக வந்த நாய்கள், தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடியவை, ஓசூரில் வாடகை வீடு மாறும்போது விடப்பட்டவை, பெங்களூரு சாலை ஓரத்தில் காரிலிருந்து இறக்கிவிடப்பட்டவை என்று பல வகை. ஒருவர் தூக்கி வளர்க்கிறார், இன்னொருவர் வந்து கேட்கிறார், தெருவே இரண்டு கட்சியாகிறது.

"காப்பாத்தினது நான்" என்கிறார் ஒருவர். "வளர்த்தது நான்" என்கிறார் மற்றவர். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், சிக்கலும் அதனால்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் கேட்டால் என் பதில் இது: கண்டெடுத்தவர் நாயின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, ஆனால் சொந்தக்காரர் வந்து கேட்டவுடன் வெறுங்கையோடு கொடுத்துவிட வேண்டிய ஆளும் இல்லை. மற்றதெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும் விவரங்கள்.

எந்த வகை நாய் என்பதுதான் முதல் கேள்வி

வளர்ப்பு நாய் என்பது நம் சட்டத்தில் ஓர் அசையும் சொத்து. கேட்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், ஆனால் உரிமைத் தகராறு என்று வந்துவிட்டால் ஆடு, மாடு, சைக்கிளுக்கு உள்ள அதே விதிகள்தான் நாய்க்கும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நாயைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. அது யாருடையது என்பதைச் சொத்துச் சட்டம்தான் தீர்மானிக்கிறது.

வழிதவறி வந்த நாய் என்றால் பழைய உரிமை அப்படியே இருக்கிறது. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் உரிமை அறுவதில்லை. இரண்டு மாதம் நீங்கள் சோறு போட்டதால் அது உங்கள் பெயருக்கு மாறியும் விடாது.

கைவிடப்பட்ட நாய் வேறு. இனி வேண்டாம் என்று தெரிந்தே விட்டுப் போனவர், உரிமையையும் சேர்த்துத்தான் விட்டுப் போகிறார். பிறகு மனம் மாறி வந்தால், எடுத்து வளர்ப்பவர் கொடுத்தால் உண்டு. ஆனால் கைவிட்டார் என்பதை நிரூபிப்பது லேசான வேலை இல்லை. தோட்டத்துக் கேட்டில் நாயைக் கட்டி, பக்கத்தில் அதன் தட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தால் கதை தெளிவு. "இனிமே எங்களால பார்க்க முடியாதுங்க" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் சரி. நம் செவலை நாயின் கழுத்தில் இருந்ததோ அறுந்த கயிறு. டெம்போ கிளம்பிய நேரத்தில் அது எங்கோ மேயப் போயிருக்கலாம், வண்டியிலிருந்து குதித்துத் திரும்பி வந்திருக்கலாம், வேண்டுமென்றே விடப்பட்டும் இருக்கலாம். சந்தேகம் இருக்கும்வரை வழிதவறிய நாய் என்றே எடுத்துக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

பட்டினியும் தாகமும் வரும் நிலையில் ஒரு பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவது அதே 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு முன் எழுதிய தொகை. இதைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. ஆனால் "விட்டுட்டுத்தான் போனோம், இப்ப வேணும்" என்று ஒருவர் தானாகவே சொன்னால், உரிமையை இழந்ததையும் குற்றத்தையும் ஒரே வாயில் ஒப்புக்கொள்கிறார் என்பதை அவருக்கு நினைவுபடுத்தலாம்.

மூன்றாவது, தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய். இது யாருடைய சொத்தும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புடையது. அப்படிக் கருத்தடை ஆன நாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். கண்டெடுத்த நாயின் காதைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது ஏதோ ஒரு தெருவின் நாய், வீட்டிலிருந்து தப்பி வந்தது இல்லை. 'மூணு வருஷமா நான்தான் சோறு போட்டேன்' என்று தெருக்காரர் ஒருவர் வந்தால், அந்தப் பாசத்துக்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் சோறு போட்டது மட்டும் உரிமை ஆகாது. வீட்டில் கட்டி வைத்து, ஊசி போட்டு, நோய்க்குப் பார்த்து, தன் நாய் என்று ஊருக்குத் தெரிய வளர்த்திருந்தால் அது வேறு பேச்சு.

தெரு நாயை முறைப்படி வளர்க்க விரும்பினால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலும், தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம், அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று இருக்கிறது.

கண்டெடுத்தவர் நிற்கும் இடம்

இதற்குப் பதில் இருப்பது 1872-இல் எழுதிய இந்திய ஒப்பந்தச் சட்டத்தில். அதன் 71-ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவருக்குள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது. தேய்க்கக் கொடுத்த சட்டை தேய்ப்புக்காரரிடம் இருப்பது மாதிரிதான். சட்டை அவருடையது இல்லை, ஆனால் கருகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை, கூலி வாங்காமல் கொடுக்க வேண்டியதும் இல்லை.

முதலில் பொறுப்பு. சாதாரணமான ஒருவர் தன் சொந்த நாயை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, தற்போது யார் கையில் பிராணி இருக்கிறதோ அவரும் உரிமையாளர் என்ற விளக்கத்துக்குள் வந்துவிடுகிறார், உண்மையான சொந்தக்காரர் சம்மதித்திருந்தாலும் சம்மதிக்காவிட்டாலும். அதாவது சோறு, தண்ணீர், நிழல் கொடுப்பது, சங்கிலியில் கட்டியே கிடக்கும் நாயை அவ்வப்போது நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் தகராறு நடக்கும் காலத்திலும் உங்கள் கடமை. "என் நாய் இல்ல, அவரு வந்து பார்த்துக்கட்டும்" என்று குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட முடியாது.

அடுத்தது செலவு. ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு இதில் ரொம்ப நுணுக்கமாக நடந்துகொள்கிறது. நீங்களாக விரும்பிச் செய்த செலவுக்காகவும் பட்ட சிரமத்துக்காகவும் சொந்தக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அதைக் கொடுக்கும்வரை பொருளைத் தராமல் நிறுத்தி வைக்கலாம். மருந்துச் செலவு, ஊசி, தீவனம், சொந்தக்காரரைத் தேட ஆன செலவு எல்லாம் இதில் வரும். நாயைக் கொடுத்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் கை நழுவிவிடும், கேட்பதை முன்னாலேயே கேட்க வேண்டும். சொந்தக்காரர் இன்ன தொகை வெகுமதி என்று அறிவித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அந்தத் தொகைக்கு வழக்கும் போடலாம், வரும்வரை நாயை நிறுத்தியும் வைக்கலாம். இதில் என் யோசனை: பில் உள்ளதைக் கேளுங்கள், களிக்கும் மோருக்கும் கணக்குப் பார்க்காதீர்கள். பத்தாயிரம் கொடு என்று இழுத்தால் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து நகர ஆரம்பிக்கும்.

குட்டி விஷயம் சண்டையைப் பெரிதாக்கும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும்போது பெட்டை நாய் குட்டி போட்டால் குட்டிகள் யாருக்கு? ஒப்பந்தச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு இதற்கு ஓர் உதாரணமே கொடுக்கிறது: ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் பசுவோடு கன்றையும் கொடுக்க வேண்டும். நாய்க்கும் அதே கணக்குத்தான். குட்டிகளை வளர்த்த செலவைக் கேட்கலாம், குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு "தீர்ந்துபோச்சு" என்று சொல்ல முடியாது.

நாயை மறைத்தால் கதை முற்றிலும் மாறும். சொந்தக்காரர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும் தேடாமல், நாயைத் தன்னுடையதாக்கிக்கொள்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். காப்பாற்றவோ உரியவரிடம் சேர்க்கவோ எடுத்து வைத்திருந்தால் குற்றமில்லை என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. வித்தியாசம் இரண்டே விஷயத்தில் இருக்கிறது: நியாயமான முயற்சி எடுத்துத் தேடினீர்களா, தகவல் பரப்பி நியாயமான காலம் காத்திருந்தீர்களா?

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

நியாயமான முயற்சி என்று சட்டம் சொன்னாலும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. ஊருக்குத் தக்கபடிதான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பால் சொசைட்டி, டீக்கடை, ஊராட்சி அலுவலகம், கால்நடை மருந்தகம், ஊர் வாட்ஸ்அப் குழு இந்த ஐந்தில் தகவல் போனால் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர் மாதிரி எல்லையை ஒட்டிய இடங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். தேடுகிறவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்தால், பிறகு யாரும் "ஒளிச்சு வெச்சிருந்தான்" என்று சொல்ல முடியாது.

அறிவிப்பில் போட்டோ போடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே விடாதீர்கள். நம் செவலை நாய்க்கு இடது தொடையின் உள்பக்கம் ஒரு பழைய தழும்பு இருக்கிறது என்றால் அதைச் சொல்ல வேண்டாம், படத்திலும் தெரிய வேண்டாம். பிறகு வருகிறவரைச் சோதிக்க உங்களிடம் மிஞ்சுவது அதுதான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு "அடையாளம் சொல்லுங்க" என்று கேட்டால், உங்கள் அறிவிப்பையே உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

நாய் கிடைத்த அன்றே, குளிப்பாட்டுவதற்கு முன்னால், கழுத்துக் கயிறு, புண், உடம்பு வாகு எல்லாம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். அறுந்த கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள், அதுவும் சான்று. மருந்தகத்தில் நாயின் வயது, ஆணா பெட்டையா, கருத்தடை ஆனதா என்று எழுதி வாங்குங்கள். தடுப்பூசி போடுவது நாய்க்கு மட்டும் இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்கும் காப்பு. யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், தகராறைக் காரணம் காட்டி அதற்குள் வேறு ஊருக்கு அனுப்பிவிடக் கூடாது.

உரிமை கேட்டு வந்தவரிடம் என்ன கேட்பது

ஆள் வந்ததும் நாயைக் கொண்டுவந்து காட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. பேச்சு முதலில், நாய் அப்புறம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "உங்க நாயைப் பத்திச் சொல்லுங்கண்ணா" என்று விட்டுவிடுங்கள். தழும்பு இருக்கா என்று கேட்டால் இருக்கு என்றுதான் பதில் வரும். உண்மையான சொந்தக்காரர் கேட்காமலே சொல்லும் விஷயங்கள் இருக்கும்: மழைக்குப் பயப்படும், வண்டி சத்தம் கேட்டால் குரைக்காமல் ஓடி வரும், இடது காதைத் தொட்டால் முறைக்கும் என்று. எப்போது, எங்கே தொலைந்தது, அன்றிலிருந்து எங்கெல்லாம் தேடினார் என்றும் கேளுங்கள். தேடியவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

போட்டோ நல்ல சான்று, தொலைந்த தேதிக்கு முன்னால் எடுத்ததாக இருந்தால். போனில் உள்ள அசல் படத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எடுத்த தேதி அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் அந்த விவரம் அழிந்துபோயிருக்கும். பின்னணியில் அவர் வீட்டுத் திண்ணையோ ஆட்டுப்பட்டியோ தெரிந்தால் இன்னும் பலம். ஒரே சாயலில் செவலை நாய்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. அதனால் நிறத்தைப் பார்க்காமல் மார்பில் உள்ள வெள்ளைத் திட்டு எங்கே முடிகிறது, எந்தப் பாதத்தில் வெள்ளை விரல், பின்னங்காலில் தரையில் படாத கூடுதல் விரல் இருக்கிறதா என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தடுப்பூசிப் புத்தகம் கொண்டுவந்தால் நம்பலாமா? 'நாட்டு நாய், செவலை, ஆண்' என்று மட்டும் எழுதிய புத்தகம் நூறு நாய்க்குப் பொருந்தும். மருத்துவரின் கையெழுத்தும் மருந்து பாட்டிலின் லேபிளும் தேதியும் ஒழுங்காக இருந்து, வயதும் பொருந்தி, அந்த மருந்தகத்தில் விசாரித்தால் அவர்களும் ஆமாம் என்றால் அது கனமான சான்று. மைக்ரோசிப் இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் அரிசி அளவில் இருக்கும் அதில் 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேனர் வைத்துப் படித்து, அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டும் என்பது தவறான நம்பிக்கை. நம் பக்கத்துக் காவல் நாய்களில் சிப் வைத்தது அபூர்வம். ஓசூர், பெங்களூரு வீடுகளிலிருந்து வந்த ஜாதி நாய்களுக்கு இருக்கலாம், அதனால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எழுத்துச் சான்று என்று பேசும்போது எனக்கு எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வரும். நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட கல். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற அவன் நாயையும் செதுக்கி, பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் ஆன பிறகும் அந்த நாய் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. நாமோ ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சோம்பல்படுகிறோம்.

இனி, ஊர்ப் பெரியவர்கள் உடனே சொல்லும் வழி: நாயை நடுவில் விட்டு இரண்டு பேரும் கூப்பிடுங்கள், யாரிடம் போகிறதோ அவருடையது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு மாதமாகக் களி போட்ட கைக்கு நாய் வாலாட்டும், பாக்கெட்டில் பிஸ்கட் வைத்திருப்பவரிடம் போகும், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு யாரிடமும் போகாமல் வண்டிக்கடியில் புகுந்துகொள்ளும். அடித்து வளர்த்த எஜமானைப் பார்த்துப் படுத்து உருளும் நாயும் உண்டு, அதைப் பாசம் என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஆள் கூட்டம் இல்லாத பொதுவான இடத்தில், கையில் தின்பண்டம் இல்லாமல், வந்தவர் முதலில் கண்ணில் படாமல் குரல் மட்டும் கொடுக்கட்டும். காது விறைத்து, வந்த திசையைத் தேடி ஓடினால் அந்த நாய்க்கு அவரைத் தெரியும் என்று கொள்ளலாம். அவ்வளவுதான் அது காட்டும். தெரிந்தவர் எல்லாம் சொந்தக்காரர் இல்லை, முன்பு தோப்பில் கூட வேலை பார்த்தவராகவும் இருக்கலாம்.

மரபணுச் சோதனை வரைக்கும் போன சண்டையும் உண்டு. 2020-இல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்தில் ஒரே லாப்ரடார் நாயை இரண்டு பேர் தன்னுடையது என்று சொல்ல, போலீஸ் மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. அங்கே ஒருவர் நாயின் தகப்பன் இன்ன ஊரில் இருக்கிறது என்று காட்ட முடிந்ததால் அது பயன்பட்டது. மரபணு, நாயின் தாய் தகப்பன் யார் என்றுதான் சொல்லும், எஜமான் யார் என்று சொல்லாது. தோப்பில் பிறந்த நாட்டு நாய்க்கு அப்பனைத் தேடி எங்கே போவது?

போலீஸும் கோர்ட்டும்

நாய்த் தகராறு என்று காவல் நிலையத்துக்குப் போனால் "பேசித் தீர்த்துக்குங்க" என்றுதான் பெரும்பாலும் அனுப்புவார்கள். அலட்சியம் என்று மட்டும் இதை நினைக்க வேண்டாம், சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. மேலே சொன்ன 314-ஆம் பிரிவுக் குற்றத்தை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாகப் புலனாய்வு செய்ய முடியாது. திருட்டு என்று சொன்னாலும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் என்றால் அதே நிலைதான். நாட்டு நாய்க்கு என்ன விலை போடுவது? மனுவை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவதுதான் நிலையத்தில் நடக்கும். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது. நாயைப் போலீஸ் கைப்பற்றினால், அதைத் தற்காலிகமாக யாரிடம் விடுவது என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்வார்.

வந்தவர் கோபத்தில் இரவோடு இரவாக நாயை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டால்? தன் நாயைத் தானே எப்படித் திருட முடியும் என்று தோன்றும். முடியும். செலவுக்காகச் சட்டப்படி நிறுத்தி வைத்த பொருளை, அந்தப் பிடியைக் குலைக்கும் எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்துப் போனாலும் திருட்டு. பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரத்தை வைத்துத் திருட்டுப் பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் விளையாட முடியாது: 'எனக்குக் கிடைக்காதது உனக்கும் வேண்டாம்' என்று நாய்க்கு விஷம் வைப்பதற்கும் ஊனமாக்குவதற்கும் நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

பேச்சு முறிந்துவிட்டால் உரிமையியல் வழக்கு. 1963-ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7, 8-ஆம் பிரிவுகள்படி, பணத்தால் ஈடுகட்ட முடியாத பொருள் என்றால் அந்தப் பொருளையே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். வளர்த்த நாய்க்கு இந்த வாதம் நன்றாகவே பொருந்தும். தொலைந்த பொருளுக்குக் காலக்கெடு மூன்று வருடம், பொருள் யார் கையில் இருக்கிறது என்று சொந்தக்காரருக்கு முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து. ஆகவே "முப்பது நாள் ஆச்சு, இனி நாய் என்னோடது" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வெளிப்படையாக வைத்திருப்பவருக்குத்தான் காலம் சாதகம், ஒளித்து வைத்தவருக்கு அந்த மூன்று வருடம் ஓடவே ஆரம்பிக்காது.

முன்சீப் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஒரு முறை பாருங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடாமலே ஒரு மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். கட்டணம் இல்லை. அங்கே முடிந்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். கோர்ட்டில் வழக்கு முடிவதற்குள் நாயின் ஆயுசு முடிந்துவிடும் என்பதை இரண்டு பக்கத்துக்கும் நான் சொல்லிப் பார்ப்பேன்.

எழுதி வைத்துக்கொள்வது

நாய்க்கு எது நல்லது என்ற கேள்வியை உரிமைச் சட்டம் கேட்பதில்லை, சமரசம் பேசும்போது கேட்கலாம். எங்கள் மணி என்று வந்தவர் உண்மையிலேயே சொந்தக்காரர், ஆனால் அடுத்த சீசனுக்கு ஆந்திராப் பக்கம் காவலுக்குப் போகிறார், நாயைக் கூட்டிப்போக வழியில்லை என்றால் தோட்டக்காரரிடமே விடுவது எல்லோருக்கும் நல்லது. "அண்ணா, நாய் உங்களோடதுதான், நான் மறுக்கல. இங்கயே இருக்கட்டும், வரும்போதெல்லாம் பார்த்துட்டுப் போங்க" என்று சொல்லிப் பார்க்கலாம். உரிமையை ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர் இறங்கி வருவது சுலபம். அதை ஒப்புக்கொள்ளாமல் பாசத்தை மட்டும் பேசினால் வீம்புதான் வளரும்.

எந்தப் பக்கம் முடிந்தாலும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நாயின் அடையாளம், கிடைத்த நாள், இன்று யார் யாருக்குக் கொடுக்கிறார், செலவுக்கு எவ்வளவு கொடுத்தாகிவிட்டது, இனி இந்த நாயைப் பற்றி ஒருவர் மேல் ஒருவர் உரிமை கோருவதில்லை என்ற வரி, சாட்சிக்கு இரண்டு பேர். ஒட்டியபடி நாயின் படம் ஒன்று. ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாய் கைமாறினால் தடுப்பூசிப் புத்தகத்தையும் கூடவே கொடுத்துவிட வேண்டும், அடுத்த ஊசி எந்தத் தேதி என்பது அதில்தான் இருக்கிறது.